பழைய பாம்புப் படம் ஒன்று: என்ன பாம்பு, எந்தக் காலத்தது?

பழையதாள்

வணக்கம். போன ஞாயிறு திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் சட்டம் போட்ட ஒரு படம் வாங்கினேன். 1200 சொன்னார், 700-க்கு முடிந்தது. பழுப்பேறிய தாள். சுருண்டு கிடக்கும் ஒரு பாம்பு. உடம்பில் மூன்று வரிசையாகப் பழுப்புத் திட்டுகள். ஒவ்வொரு திட்டுக்கும் கறுப்புக் கரை, அதற்கும் வெளியே முடிபோல மெல்லிய வெள்ளைக் கோடு. தலை முக்கோணமாக இருக்கிறது.

கீழே ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். எழுத்துக் கூட்டிப் படித்தால் "கடுக ரேகுல போடா" என்று வருகிறது. ஆங்கிலமும் இல்லை, லத்தீனும் இல்லை. கடைக்காரர், "மலைப்பாம்பு சார், இருநூறு வருஷப் பழசு" என்றார். எனக்கும் மலைப்பாம்பு மாதிரிதான் தெரிகிறது. இது என்ன பாம்பு, என்ன மொழி, உண்மையிலேயே பழசுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாஇரு

பாம்பே "போடா" என்று சொல்கிறது. கேட்டுவிட்டுப் பேசாமல் போக வேண்டியதுதானே?

புற்றுக்கண்

மலைப்பாம்பு இல்லை, கண்ணாடி விரியன். இந்தக் குழப்பத்தால் செத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படம் எந்தப் புத்தகம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796-இல் லண்டனில் வெளியிட்ட பெரிய அளவுப் புத்தகம். செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. 46 படத் தகடுகள். உங்களுடையது ஏழாவது தகடு.

மனிதர் அதற்கு முன்பு சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவராக இருந்தார், பிளேக் நோயைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். 1781-இல் கம்பெனி உத்தியோகத்திலிருந்த சகோதரருடன் விசாகப்பட்டினம் வந்தார். கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த கோனிக் 1785-இல் இறந்ததும் அந்த வேலை இவருக்கு வந்தது. செடி கொடி பார்க்க வைத்த ஆள் பாம்பின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் உண்டு. கம்பெனி ஆட்களும் சிப்பாய்களும் பாம்புக்கடியில் செத்துக்கொண்டிருந்தார்கள். எது விஷப் பாம்பு, எது இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல ஒரு வழி வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. நாய்களையும் கோழிகளையும் கடிக்கவிட்டுக் குறிப்பு எடுத்தார். நல்ல பாம்புக்கு அடுத்தபடி ஆளைக் கொல்வது இந்தப் பாம்புதான் என்று வைத்ததும் அவர்தான். 1789-இல் ஊர் திரும்பிவிட்டார்.

1797-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது ரஸ்ஸலின் பெயரையே வைத்தார். இன்றைய பெயர் டபோயா ரஸ்ஸலி. "ரஸ்ஸல்ஸ் வைப்பர்" என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுகிறார்களே, அந்த ரஸ்ஸல் இவர்தான்.

பழசா புதுசா என்பதைத் தாளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும். எனக்குப் பாம்பு மட்டும்தான் தெரியும்.

மாமரத்தடி

ஓசூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அந்தப் பெயர் தெலுங்கு, "போடா" இல்லை "பொட". சேர்த்துப் படித்தால் "காட்டுக ரேகுல பொட".

காட்டுக என்றால் கண்மை. என் பாட்டி விளக்குப் புகையைப் பித்தளைத் தட்டில் பிடித்து விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து வைப்பாரே, அது. ரேக்கு என்றால் இதழ், பூவின் இதழ். பொட என்றால் உடம்பில் இருக்கும் திட்டு, புள்ளி. கண்மை தீட்டிய இதழ்போலத் திட்டு உள்ளது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் படத்தைப் பாருங்கள். பழுப்புத் திட்டு இதழ், அதைச் சுற்றிய கறுப்புக் கரை மை. பெயர் வைத்த ஆள் பாம்பை நிதானமாக, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஓவியர் வரைவதற்கு முன்னாலேயே ஒருத்தர் வாயால் வரைந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழையதாள்

அக்கா, இதைப் படித்துவிட்டு எழுந்து போய்ச் சுவரில் இருக்கும் படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். மை தீட்டிய கண் மாதிரியே இருக்கிறது. இத்தனை நாள் வெறும் புள்ளியாகத்தான் தெரிந்தது.

புற்றுக்கண்

அருமை. இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே புத்தகத்தில் மலைப்பாம்புக்கு ரஸ்ஸல் எழுதியிருக்கும் பெயர் "பெத்த பொட". பெரிய திட்டுக்காரன். ஆக, விசாகப்பட்டினத்துக்காரர்களும் இரண்டையும் "பொட" என்று ஒரே குடும்பமாகத்தான் பேசியிருக்கிறார்கள். கடைக்காரரை ரொம்பத் திட்ட வேண்டாம்.

வித்தியாசம் தெரிந்தவர்கள் அன்றும் பெயரிலேயே பிரித்து வைத்தார்கள். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டும், கண்ணாடி விரியனுடையது சங்கிலி கோத்த மாதிரி வரிசையில் நிற்கும். விரியனின் தலை உச்சியில் பொடிப் பொடிச் செதில்கள்தான், பெரிய தகட்டுச் செதில் கிடையாது. இன்னொரு ஏமாற்றுக்காரன் மண்ணுளி இனத்தில் உண்டு, சொரசொரப்பான உடம்பு, குட்டை வால். அதை விரியன் என்று அடிப்பவர்களும் உண்டு, விரியனை அது என்று கையில் எடுப்பவர்களும் உண்டு. இரண்டாவது ரகம் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

வன்னிக்காரன்

எங்கட பக்கம் இதை முத்திரைப் புடையன் எண்டு சொல்லுவினம். சும்மா புடையன் எண்டாலும் விளங்கும். அந்தத் தெலுங்குப் "பொட"வுக்கும் எங்கட "புடைய"னுக்கும் ஏதும் உறவு இருக்குமோ? எனக்கு மொழியியல் தெரியாது, காதில ஒண்டாக் கேட்குது, அவ்வளவுதான்.

மாமரத்தடி

காதில் ஒன்றாகக் கேட்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று எங்கள் தமிழாசிரியர் காதைத் திருகுவார். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. முத்திரை என்பதும் திட்டைத்தானே சொல்கிறது.

மைக்கூடு

தாள் கேள்விக்கு வருகிறேன். அச்சுத் தொழிலில் முப்பது வருஷம்.

1796 புத்தகத்தின் படங்கள் செப்புத் தகட்டில் கோடு கீறி, அந்தக் கீறலில் மை நிரப்பி, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுத்தவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிரதியிலும் ஆட்கள் உட்கார்ந்து தூரிகையால் வண்ணம் தீட்டினார்கள். மாதிரிக்கு ஒரு பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அதைப் பார்த்துத் தீட்டுவது வழக்கம். அதனால் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளில் ஒரே பாம்பு வேறு வேறு பழுப்பில் இருக்கும். எது சரியான பழுப்பு என்று சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை:

சட்டத்தைக் கழற்றுங்கள். படத்தைச் சுற்றித் தாளில் ஒரு செவ்வகப் பள்ளம் தெரிய வேண்டும், தகட்டின் விளிம்பு அழுந்திய தடம். விரல் நுனியால் தடவினால் கோடுகள் லேசாக மேடு தட்டும். வண்ணம் சில இடத்தில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஓரத்தில் தேங்கி அடர்ந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் தாளில் நீர்க்குறி இருக்கலாம். 1794-க்குப் பின்னால் வந்த ஆங்கிலத் தாள்களில் வருஷமே நீர்க்குறியில் இருப்பது சாதாரணம், வரிச் சட்டத்தின் விளைவு அது.

கடைசியாக, நகை பார்க்கும் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி வண்ணத்தைப் பாருங்கள். நான்கு நிறப் பொடிப் புள்ளிகள் பூப்பூவாகத் தெரிந்தால் அது இந்தக் கால இயந்திர அச்சு, மேலே சொன்ன எதையும் பார்க்க வேண்டாம்.

ஒரு கொசுறு: தகட்டில் கீறுவது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும். கீறுபவர் முன்கூட்டியே திருப்பிக் கீறாவிட்டால் வலம்புரிச் சங்கு இடம்புரி ஆகிவிடும். பாம்புக்கு அந்தக் கவலை இல்லை. இடப்பக்கம் சுருண்டாலும் வலப்பக்கம் சுருண்டாலும் பாம்பு பாம்புதான்.

ஆரணிப்பட்டு

ரஸ்ஸல் புத்தகம் என்றதும் உள்ளே வந்தேன். அதன் இரண்டாவது தகட்டில் "ஹொரட்ட பாம்" என்று ஒரு பாம்பு இருக்கிறது. இன்றைய சுருட்டை விரியன். அந்தப் பாம்பு ரஸ்ஸல் கைக்குப் போனது எங்கள் ஆரணியிலிருந்து. இன்றைக்கும் அந்த இனத்தின் மூல இடமாக, அதாவது முதல் மாதிரி கிடைத்த ஊராக, ஆரணிதான் நூல்களில் இருக்கிறது. பட்டுப்புடவைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

என் கேள்வி: "ஹொரட்ட" என்பது நம் "சுருட்டை"யை வெள்ளைக்காரர் கேட்ட விதமாக இருக்குமா? ஆரணியிலிருந்து போன பாம்புக்குப் பெயரும் ஆரணியிலிருந்து போயிருக்கலாமே.

மாமரத்தடி

ஆசைதான். ஆனால் "பாம்" என்பதை வைத்துத் தமிழ் என்று சொல்ல முடியாது, தெலுங்கிலும் பாமு. அவருக்குச் சொன்னவர் யார், என்ன மொழிக்காரர் என்பதைப் பொறுத்தது. நான் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை.

ஆரணிப்பட்டு

சரி, ஊகமாகவே இருக்கட்டும். நான் விடுவதாக இல்லை.

புற்றுக்கண்

ஆரணிக்காரர் தொட்ட விஷயம் பெரியது. சுருட்டை விரியனுக்கும் கட்டுவிரியனுக்கும் 1801-இல் லத்தீன் பெயர் வைத்தவர் ஷ்னைடர். ஜெர்மானியர், கிரேக்க அகராதி தொகுத்த மொழிப் பண்டிதர். பெயர் வைக்க அவர் முன்னால் இருந்தது ரஸ்ஸலின் படம். பாம்பு இல்லை! நம் வயலில் ஓடும் இரண்டு விஷப் பாம்புகளுக்கு அறிவியலில் அடையாளச் சீட்டு ஒரு வண்ணப் படம்தான். மூல மாதிரி என்று கண்ணாடிக் குடுவையைத் தேடினால் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டுவார்கள்.

பேரினப் பெயரும், அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல்லும், அப்படியே. ரஸ்ஸல் ஒரு பட்டைப் பாம்பை "பங்காரும் பாமா" என்று எழுதினார். பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பாம்பு, பொருத்தமான பெயர். 1803-இல் பிரெஞ்சுக்காரர் தோதேன் அதிலிருந்து பங்காரஸ் என்று பேரினம் அமைத்தார். கட்டுவிரியனும் அந்தப் பேரினத்துக்குள் வருவதால், மினுங்கும் கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட நம் கட்டுவிரியன் உலகம் முழுக்கத் "தங்கம்" என்ற பெயரோடு திரிகிறது.

சும்மாஇரு

கட்டுவிரியனின் இரண்டாவது பெயர் செருலியஸ், அதாவது நீலம். தங்கம் நீலம். தீட்டிய பையன் அன்றைக்கு நீலத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருப்பான், ஜெர்மானியர் அதை நம்பி நீலம் என்று வைத்துவிட்டார். சரியா?

புற்றுக்கண்

விளையாட்டாகச் சொன்னாலும் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் தோலுரித்த புதுசில் கட்டுவிரியனை டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறீர்களா? துப்பாக்கிக் குழல் மாதிரி நீலம் ஓடும். தீட்டிய பையன் மேல் பழி வேண்டாம்.

நிறத்தைப் பற்றிப் பேசுவதால் ஒன்று. சாராயத்தில் போட்ட பாம்பு நிறத்தை வைத்திருக்காது. பச்சைக் குழிவிரியனைப் போட்டு வைத்தால் கொஞ்ச நாளில் நீலமாகிவிடும். பாம்பின் பச்சை என்பது அடியில் இருக்கும் நீலமும் மேலே இருக்கும் மஞ்சள் நிறமியும் சேர்ந்த பச்சை. மஞ்சள் சாராயத்தில் கரைந்து போய்விடும், நீலம் மிஞ்சும். லண்டனில் குடுவையைத் திறந்து பார்ப்பவருக்குப் பச்சைப் பாம்பு தெரியவே தெரியாது. அதனால்தான் பாம்பு பிடிபட்ட ஊரிலேயே, அது இருக்கும்போதே வரைந்துவிட வேண்டும் என்ற அவசரம்.

கல்லச்சு

ரஸ்ஸலை இத்தனை பேர் கொண்டாடுகிறீர்கள். என்னைக் கேட்டால் பாம்புப் படம் என்றால் ஜோசப் ஃபேரர் புத்தகம்தான், 1872, "தனடோஃபிடியா ஆஃப் இந்தியா". தனடோஸ் கிரேக்கத்தில் மரணம். தலைப்பே "சாவுப் பாம்புகள்".

ஃபேரர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர். 1857-இல் லக்னோ முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டவர். அவர் பல மாகாணங்களுக்குக் கடிதம் போட்டு 1869-ஆம் ஆண்டின் பாம்புக்கடிச் சாவுகளைக் கணக்கெடுத்தார். வந்த எண்ணிக்கை 11,416. வராத கணக்கு எத்தனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

படங்களைக் கல்கத்தா அரசுக் கலைப்பள்ளி மாணவர்கள் வரைந்தார்கள், உயிருள்ள பாம்புகளைப் பார்த்து. இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. இருபது வயசுப் பையன்கள், மடியில் வரைபலகை, எதிரே படம் எடுத்த நாகம். ரஸ்ஸலின் பாம்பு தாளில் வைத்துச் சுருட்டியது போலப் படுத்திருக்கும், ஃபேரருடையது உங்களைப் பார்க்கும். நல்ல பாம்பு ஒன்றையே, படமெடுத்த கழுத்தில் விதவிதமான குறிகளோடு, பல தகடுகளில் போட்டிருக்கிறார்கள். இரட்டை வட்டக் குறி உள்ளது வங்காளத்தில் கோக்ரா, ஒற்றை வட்டம் உள்ளது கேவுட்டே. அன்று ஒரே பாம்பின் வகை என்று நினைத்தார்கள், இன்று இரண்டும் தனி இனம். படத்தை ஒழுங்காகப் போட்டதால் பிற்பாடு பிரிக்கவும் முடிந்தது.

வரைந்தவர்களில் ஒருவர் அன்னதா பிரசாத் பாக்ச்சி. இவர் 1878-இல் கல்கத்தா ஆர்ட் ஸ்டுடியோவைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். காளி, சிவன், சரஸ்வதி என்று வண்ணச் சாமிப் படங்களைக் கல்லச்சில் போட்டு வீடு வீடாகச் சேர்த்த நிறுவனம் அது. ரவி வர்மா அச்சகத்துக்கு முந்தையது. அந்தச் சிவன் கழுத்தில் கிடக்கும் பாம்பைப் பார்க்கும்போதெல்லாம், இதை வரைய இந்த ஆள் மனசிலிருந்து வரைய வேண்டியதே இல்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

பழையதாள்

கல்லச்சு சார், கடைசிப் பத்தியை அப்படியே என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பாம்புப் படம் கூடத்தில் மாட்டக் கூடாது என்று நேற்றுவரை சொன்னவள், "சிவன் படம் வரைஞ்சவர் வரைஞ்சதா?" என்று கேட்டாள். இல்லை, இது வேறு புத்தகம் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

தஞ்சைத்தட்டு

ரஸ்ஸல் கதையில் எங்கள் ஊரை யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பாம்புக்கடிக்குத் "தஞ்சாவூர் மாத்திரை" என்று ஒன்று பெயர் பெற்றிருந்தது. ரஸ்ஸல் அதை வாங்கிச் சோதித்தார். முக்கியச் சரக்கு பாஷாணம், அதாவது ஆர்சனிக். கடித்த விஷம் போதாதென்று இது வேறு.

ஆனால் ஏன் நம்பினார்கள் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. விஷமில்லாத பாம்பு கடித்ததும் உண்டு, விஷப் பாம்பே கடித்தும் விஷம் இறங்காத கடியும் உண்டு. அவர்களெல்லாம் மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தார்கள். எது கடித்தது என்று அடையாளம் தெரியாதவரை எந்த மருந்தும் ஜெயித்த மருந்துதான். ரஸ்ஸல் படத்துக்கு அவ்வளவு செலவு வைத்ததற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

வார்டுஏழு

மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் வேலை. பழைய படம் எதுவும் எனக்குத் தெரியாது, ஆனால் தஞ்சைக்காரர் சொன்ன இடத்தில் தினமும் நிற்கிறேன்.

எங்களிடம் வருவது செல்போன் படம். பாதி வால், பாதிச் செருப்பு, எல்லாம் கலங்கல். சிலர் பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்து வருவார்கள், தலை நசுங்கியிருக்கும். அதிகமாகக் குழப்புவது கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும். இரண்டும் கறுப்பில் வெள்ளைப் பட்டை, இரண்டும் ராத்திரி வீட்டுக்குள் வரும். கட்டுவிரியன் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போனால் கடித்த தடம்கூடத் தெரியாது, விடியும்போது இமை தூக்க முடியாது. மற்றது ஒன்றும் செய்யாது.

நீங்கள் பேசும் அழகான படங்களில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே தடுமாறும். நிறத்தைவிட எனக்கு உதவுவது பட்டை எங்கே தொடங்குகிறது என்பதுதான். வரையனுக்குக் கழுத்துப் பக்கம் பட்டை பளிச்சென்று இருந்து வால் பக்கம் மங்கும். வளர்ந்த கட்டுவிரியனுக்குக் கழுத்தில் மங்கி, பின்னால் போகப் போகத் தெளியும். இதைச் சொல்லிக் கொடுத்த பழைய படம் ஏதாவது உண்டா?

புற்றுக்கண்

உண்டு, ஆனால் யாரும் சட்டம் போட்டு மாட்ட மாட்டார்கள். ஃபிராங்க் வால் என்ற ராணுவ மருத்துவர் 1907-இல் விஷப் பாம்புகளை அடையாளம் காண்பது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் இருப்பது கோட்டுப் படங்கள்: தலையின் மேல்புறம், பக்கவாட்டு, தாடையின் அடி, முதுகுத் துண்டு ஒன்று. ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு எண். பாம்பாகவே தெரியாது, வீட்டு வரைபடம் மாதிரி இருக்கும்.

கட்டுவிரியனுக்கு அவர் காட்டும் அடையாளம் இரண்டு. முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோணம். கீழுதட்டுச் செதில்களில் நான்காவதுதான் பெரியது. இரண்டும் சேர்ந்து இருந்தால் கட்டுவிரியன். நல்ல பாம்புக்கு மேலுதட்டின் மூன்றாவது செதில் கண்ணையும் மூக்குச் செதிலையும் தொடும். தலை நசுங்காத செத்த பாம்பு கிடைத்தால் நிறமே இல்லாமல் தீர்ப்புச் சொல்லலாம். உயிரோடு இருப்பதை யாரும் கையில் எடுத்து எண்ண வேண்டாம், தயவுசெய்து.

வன்னிக்காரன்

ஃபிராங்க் வால் பிறந்தது எங்கட நுவரெலியாவில. 1921-இல இலங்கைப் பாம்புகளைப் பற்றித் தனிப் பெரிய புத்தகம் போட்டவர்.

கல்லச்சு

வாலுக்கும் வண்ணப் படம் உண்டு, பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்தது. ஆனால் புற்றுக்கண் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் மனசு வலித்தாலும். ஃபேரரின் படத்தைப் பார்த்தால் பாம்பு என்ன நினைக்கிறது என்பதுகூடத் தெரியும். கீழுதட்டில் எத்தனை செதில் என்று எண்ணப் போனால் நிழலில் மறைந்திருக்கும்.

இரண்டும் சேர்ந்த ஒரு ஆள் இருந்தார்: ஜார்ஜ் ஹென்றி ஃபோர்ட். விலங்கியலாளர் குந்தர் இந்திய ஊர்வன பற்றி எழுதிய 1864 நூலுக்கு வரைந்தவர். அச்சுக் கல்லில் ஒவ்வொரு செதிலையும் எண்ணி வைத்திருப்பார், உடம்பின் வளைவிலும் எண்ணிக்கை தப்பாது. வண்ணம் கிடையாது. நிறத்தை விட்டுக்கொடுத்துக் கணக்கைக் காப்பாற்றினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், தூரிகை தடுமாறிய இடம்கூடத் தெரியும்.

வார்டுஏழு

அந்த முதுகுத் துண்டுப் படத்தை அச்செடுத்து எங்கள் அறைக் கதவில் ஒட்டப் போகிறேன். நன்றி.

மைக்கூடு

பழையதாள், லென்ஸ் கிடைத்ததா? ஐந்து நாளாகக் காத்திருக்கிறேன்.

பழையதாள்

கிடைத்தது ஐயா. மச்சான் நகைப்பட்டறையில் இரவல் வாங்கினேன்.

பூப்பூவாகப் புள்ளிகள். நீலம், ரோஜா, மஞ்சள், கறுப்பு. பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. பழுப்பு நிறம்கூட அச்சிலேயே வந்தது, தாளின் பின்பக்கம் வெள்ளை வெளேர். சட்டத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்திருந்த அட்டை ஏதோ ஒரு காலண்டரின் ஆகஸ்ட் 2011.

நேற்று அந்தப் பக்கம் போனபோது கடைக்காரரிடம் சொன்னேன். படம் மலைப்பாம்பும் இல்லை, இருநூறு வருஷமும் இல்லை என்று. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "படம் புதுசா இருந்தா என்ன சார், பாம்பு பழசுதானே?" என்றார். 200 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்.

படம் கூடத்தில்தான் இருக்கிறது. அதன் கீழே ஒரு சீட்டில் மாமரத்தடி அக்கா சொன்ன அர்த்தத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சும்மாஇரு

"போடா"வை அடித்துத் திருத்தினீர்களா?

பழையதாள்

திருத்தவில்லை. என் பையனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.